சுற்றுச்சூழல் பொறியியல் படித்துவிட்டு நீர், காலநிலை ஆய்வுக்குப் போனால் வேலை எப்படி இருக்கும்?

பத்து வருடமாக இதுதான் என் பிழைப்பு என்பதால் சொல்கிறேன். தொடங்கியது சென்னைக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் கிணறு கிணறாகப் போய் நீர்மட்டம் அளப்பதில். பல ஆண்டுகளாக அளவுக்கு மீறி உறிஞ்சியதில் அங்கே கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறிவிட்டது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீரை அண்டவிடாது. மேலே அரை மீட்டர் இறங்கினால் கீழே 20 மீட்டர் போச்சு.

முதல் கோடையிலேயே சொதப்பினேன். தண்ணீரைத் தொட்டதும் ஒலி எழுப்பும் அளவு டேப்பை ஒரு கிணற்றில் இறக்கினால், போன மாதத்தைவிட 4 மீட்டர் கீழே போய்த்தான் 'பீப்' என்றது. வறட்சி தொடங்கிவிட்டது என்று வரைபடமே போட்டுக்கொண்டு போனேன். பேராசிரியர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மோட்டார் ஓடிச்சா?" மறுநாள் போய் விசாரித்தேன். மும்முனை மின்சாரம் வந்ததும் விடியற்காலையில் போட்ட மோட்டாரை, நான் வருவதற்குச் சற்று முன்புதான் நிறுத்தியிருக்கிறார்கள். நான் கண்டுபிடித்த வறட்சி, அவர்கள் நாற்றங்காலுக்கு இறைத்த தண்ணீர்! அன்றிலிருந்து என் நோட்டில் 'மோட்டார் நிறுத்திய நேரம்' என்று தனிக் கட்டம் உண்டு.

காலநிலைப் பக்கம் அப்புறம்தான் வந்தேன். உலகக் காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடும். ஒரு கட்டமே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் அகலம் இருக்கும். 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை, நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மின்சார ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம். மாதிரிக்கு இரண்டும் ஒரே இடம். அந்தக் கணக்கைப் பழைய மழைப்பதிவோடு ஒப்பிட்டுத் திருத்தி ஊர் அளவுக்குக் கொண்டுவருவதுதான் இப்போது என் வேலை. பதிவில் விடுபட்ட தேதிகளோடு மல்லுக்கட்டுவதிலேயே பாதி நாள் போய்விடும். இதில் பொறுமை இல்லாதவர்கள் இரண்டாம் வருடமே ஐ.டி. பக்கம் போவதைப் பார்த்திருக்கிறேன், தப்பில்லை.

சரி, வழி என்ன? எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழல் பொறியியலுக்குத் தனித் தாள் இருக்கிறது. எம்.டெக். முடித்து, கேட் அல்லது நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தகுதியோடு ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்தால் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், வாடகைப் படி தனி. பைத்தான் நிரல்மொழியைப் போகப் போகக் கற்றுக்கொள்ளலாம், புள்ளியியலை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். திட்டப் பணம் தாமதமானால் மூன்று மாத உதவித்தொகை மொத்தமாக வரும். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.