ஃபை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: ஏரி (Airy) தகைவுச் சார்பில் ஃபையை (φ) எப்படி ஊகிப்பது? மனப்பாடம்தான் செய்கிறேன்.
– மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: மனப்பாடம் வேண்டாம்மா. தகைவுகளை, அதாவது பொருளுக்குள் ஓரலகுப் பரப்பில் இயங்கும் விசைகளை, ஃபையின் இரண்டாம் வகையீடுகளாக எழுதினாலே விசைகளின் சமநிலை தானாக அமைந்துவிடும். உருமாறிய துண்டுகள் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும் என்ற இணக்க நிபந்தனை மட்டும் பாக்கி.

பாளையங்கோட்டையில் என் வீட்டுச் சுவரில் பதித்த இரும்புப் பட்டையின் முனையில் பூந்தொட்டி தொங்குகிறது. முனையிலிருந்து தூரம் எக்ஸ், நடுக்கோட்டிலிருந்து உயரம் ஒய். வளைவுத் தகைவு இரண்டின் பெருக்கலோடு கூடும். அதை ஒய்யால் இருமுறை தொகையிடு. ஃபைக்கு எக்ஸ் பெருக்கல் ஒய்யின் முப்படி வரும்.

சரி, ஆனால் இந்த ஃபையால் மேல், கீழ் விளிம்புகளில் வெட்டுத் தகைவு (அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று நழுவவைக்கப் பார்ப்பது) மிஞ்சுகிறதே! அங்கே எதுவும் தொடவில்லை, பூஜ்யமாக வேண்டும். எக்ஸ்ஒய் உறுப்பு ஒன்றைச் சேர், அழிந்துவிடும். இந்த இடம் எனக்கு இன்றும் பிடிக்கும். அப்புறம் பார், நடுக்கோட்டில் வெட்டுத் தகைவு சராசரியைப் போல 1.5 மடங்கு.