அடகு வைத்த பிள்ளை: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் வெளியான உங்கள் கதையை எங்கள் கல்லூரி வாசிப்பு வட்டத்தில் படித்தோம். அடிமை வணிகக் காலத்தில், இன்றைய நைஜீரியாவில் உள்ள கலபார் துறைமுகத்தில் நடக்கும் கதை. அந்த ஊரின் எஃபிக் இனத்து வணிகன் ஒருவன் ஆங்கிலேயக் கப்பல் தலைவனிடம் துணியும் செம்புக் கம்பியும் கடனாக வாங்குகிறான். ஈடாகத் தன் அக்கா மகனைக் கப்பலில் விட்டுவிட்டு, அடிமைகளாக விற்க ஆட்களை வாங்க ஆற்றின் மேலே போகிறான். சொன்ன நாளுக்குள் திரும்பி வருவானா, பையன் தப்புவானா என்ற பதைப்பிலேயே கதை ஓடுகிறது. கடைசியில் அவன் படகு வந்து சேர்ந்ததும் எங்களுக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படித் தோன்றியதுதான் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. அந்தப் படகில் கட்டிப்போட்டுக் கொண்டுவரப்பட்ட முப்பது பேருக்காக எனக்கு ஏன் பதறவில்லை?

மாணவர் ஒருவர், "அவங்களே அவங்க ஆட்களை வித்திருக்காங்க, அப்புறம் வெள்ளைக்காரனை மட்டும் ஏன் குறை சொல்லணும்?" என்று கேட்டார். எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. விற்றவனை இவ்வளவு பாசக்காரனாக எழுதியது அந்தக் கேள்விக்குத் தீனி போட்டுவிட்டதோ என்று தோன்றுகிறது. படகில் வரும் சிறுமிக்கு நான்கு வரிதான். பெயர்கூட இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கேயோ நடந்த இதைத் தமிழில் நாம் ஏன் எழுத வேண்டும்?

மீனாட்சி, விருதுநகர்

அன்புள்ள மீனாட்சி,

உங்கள் கடிதத்தை நான்கைந்து முறை படித்துவிட்டேன். மாணவரின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

"அவங்க ஆட்கள்" என்கிறாரே, அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். 1780களில் கலபாரில் இருந்த ஓர் எஃபிக் வணிகனுக்கு "ஆப்பிரிக்கர்" என்று ஒரு கூட்டம் இருப்பதாகவே எண்ணம் கிடையாது. அவன் ஆட்கள் என்றால் அவன் வீட்டார், அவன் ஊரார், எக்பே என்ற ஊர்ப் பெரியவர்களின் ரகசிய சபையில் அவனோடு உட்காருகிறவர்கள். உள்நாட்டிலிருந்து அரோ என்ற வணிகக் கூட்டத்தார் சந்தை சந்தையாகக் கைமாற்றிக் கொண்டுவந்த இக்போக்காரர்கள் அவனுக்கு அயலார். இதைச் சொல்வதால் அவன் செய்த பாவம் குறைந்துவிடாது. ஆனால் தன் இனத்தைத் தானே காட்டிக்கொடுத்தவன் என்று அவன்மேல் சுமத்தும் பழி, பின்னால் வந்த நாம் நம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பதால் வருவது.

அடுத்தது கடன். மாணவரிடம் இதைக் கட்டாயம் விளக்குங்கள். இன்றைய கானாவில் உள்ள எல்மினா, கேப் கோஸ்ட் போன்ற இடங்களில் ஐரோப்பியர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். எல்மினா கோட்டையைப் போர்த்துகீசியர் கட்டத் தொடங்கியது 1482இல். கலபாரில் கோட்டை எதுவும் கிடையாது. கப்பல் ஆற்றில் நங்கூரம் போட்டு மாதக்கணக்கில் கிடக்கும். ஆட்கள் வேண்டுமென்றால் சரக்கை முதலில் கொடுத்தாக வேண்டும். கொடுத்தது திரும்பாவிட்டால் கப்பல் தலைவன் போய் முறையிட அங்கே அவனுடைய நீதிமன்றமும் இல்லை, சிப்பாயும் இல்லை. அதனால் ஆளையே அடகு பிடித்தார்கள். மகன், தம்பி, மருமகன் என்று வணிகனின் வீட்டுப் பிள்ளைகள் கப்பலில் இருக்க வேண்டும். நம் ஊரில் வளையலை வைத்துச் சீட்டு வாங்கி வருகிறோமே, அதே ஏற்பாடுதான். கெடுவுக்குள் மீட்காத வளையல் ஏலத்துக்குப் போகும். மீட்காத பையன் கடல் தாண்டிப் போவான்.

அந்தக் கடன் கலபாரில் பிறக்கவில்லை. லிவர்பூலிலும் பிரிஸ்டலிலும் இருந்த முதலாளிகள் போட்ட பணம் அது. அதை இழுத்துக்கொண்டிருந்தது மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டம். கலபார் வணிகன் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. தெரிந்தே, விரும்பியே கண்ணியானவன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்கள் மாணவருக்குப் பதிலாகும்.

அப்படி ஒருவன் தன் கையாலேயே எழுதி வைத்த நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. அன்டேரா டியூக் என்பது அவர் பெயர். 1785 ஜனவரி முதல் 1788 ஜனவரி வரை, கப்பல்காரர்களிடம் பழகிய கொச்சை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். மூலப்படி இரண்டாம் உலகப்போரில் அழிந்துபோனது. அதற்கு முன் யாரோ படியெடுத்து வைத்த பகுதிகள்தான் மிச்சம். காலை ஆறு மணிக்கு எழுந்ததும் பனிமூட்டமா தெளிவா என்று ஒரு வரி. பிறகு எந்தக் கப்பலுக்குப் போனேன், எத்தனை ஆட்கள் ஏற்றியாயிற்று, யார் வீட்டில் கள் குடித்தோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் இறந்தபோது அடிமைகளின் தலையை வெட்டியதையும் அதே கை, அதே தொனியில் எழுதுகிறது. எங்கும் குரல் உயரவில்லை. அந்தப் பனிமூட்ட வரியைப் படித்த அன்றுதான் என் கதை எனக்குள் விழுந்தது. காலையில் வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிற மனிதனை நான் அறிவேன். அவன் என் தெருவில் இருக்கிறான். அவனை அரக்கனாக எழுதினால் வாசகருக்குச் சௌகரியமாக இருக்கும். அரக்கனோடு நமக்கென்ன உறவு என்று புத்தகத்தை மூடிவிடலாம். அந்தச் சௌகரியத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு நிகழ்ச்சியும் கதையின் அடியில் இருக்கிறது. 1767இல் கலபாரில் இரண்டு ஊர்களுக்கு நடுவே வணிகப் போட்டி. சமரசம் பேசலாம் வாருங்கள் என்று ஆங்கிலேயக் கப்பல் தலைவர்கள் ஓர் ஊராரைக் கப்பலுக்கு அழைத்தார்கள். நம்பி வந்தவர்களை மற்ற ஊரோடு சேர்ந்துகொண்டு தாக்கினார்கள். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அந்த ஊரின் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த லிட்டில் எஃப்ரேம் ராபின் ஜான், அன்கோனா ராபின் ராபின் ஜான் என்ற இருவரை மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டொமினிக்காவில் அடிமைகளாக விற்றார்கள். அங்கிருந்து தப்பி, வர்ஜீனியாவில் மறுபடி விற்கப்பட்டு, கடைசியில் பிரிஸ்டல் துறைமுகம் வந்து சேர்ந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். கப்பலில் அடைபட்டபடியே கடிதம் எழுதி, மேன்ஸ்ஃபீல்ட் பிரபு என்ற தலைமை நீதிபதி வரை வழக்கைக் கொண்டுபோய் விடுதலையானார்கள். 1774இல் ஊர் திரும்பினார்கள்.

அவர்கள் கேட்ட நியாயத்தைக் கவனியுங்கள். நாங்கள் சுதந்திரமானவர்கள், எங்களை ஏமாற்றிப் பிடித்துவிட்டார்கள் என்பதுதான் வாதம். அடிமை முறையே கூடாது என்று அவர்கள் வழக்காடவில்லை. ஊர் திரும்பிய பிறகு எஃப்ரேம் மீண்டும் அடிமை வணிகத்தில் இறங்கினார் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியோடு கிடந்தவர், அந்த நாற்றத்தை அறிந்தவர். இதை முதலில் படித்தபோது இரண்டு நாள் எனக்கு எதுவும் எழுத ஓடவில்லை. தன் வீட்டுப் பிள்ளைக்கு வந்தால்தான் துன்பம், அயலான் பிள்ளைக்கு வந்தால் கணக்கு. என் வணிகனின் பாசத்தை நான் அவ்வளவு விரிவாக எழுதியதற்குக் காரணம் இதுதான். பாசம் அவனிடம் குறைவாக இல்லை. அதற்கு அவன் வீட்டுச் சுவர் எல்லை.

உங்களுக்கு வந்த அந்த "அப்பாடா"வை நான் வேண்டுமென்றே வரவழைத்தேன். பெயரும் கெடுவும் உள்ளவன் பின்னால் வாசகர் மனம் ஓடும் என்பது கதை எழுதுகிற எல்லாருக்கும் தெரியும். ஓடியபின் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட வேண்டும் என்று நினைத்தேன். உங்களுக்கு அது நடந்திருக்கிறது. உங்கள் மாணவருக்கு நடக்கவில்லை. அதற்குப் பொறுப்பு அவரல்ல, என் கதை. திரும்பிப் பார்க்கும்போது அங்கே ஒரு முகம் இருக்க வேண்டாமா? நான் நான்கு வரி எழுதி நகர்ந்துவிட்டேன். நீங்கள் சொன்னது சரி. இதற்குக் கடைசியில் வருகிறேன்.

தமிழில் ஏன் என்று கேட்டீர்கள். கடனாகக் கொடுக்கப்பட்ட அந்தத் துணியைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றிப்போன சரக்கில் இந்தியத் துணிக்குப் பெரிய பங்கு உண்டு. குஜராத்திலும் வங்காளத்திலும் நெய்தது போக, நம் சோழமண்டலக் கரையில் நெய்ததும் போயிற்று. அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணிக்கு, மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் பெயரால், "கினி துணி" என்றே பெயர். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோன நீலத் துணி செனகல் ஆற்றங்கரையில் காசாகவே புழங்கியது. இங்கே தறியில் உட்கார்ந்திருந்தவரும் கும்பினிக்காரனிடம் முன்பணம் வாங்கிக் கட்டுப்பட்டவர். அந்தத் துணி எங்கே போகிறது, எதை வாங்கப் போகிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அந்த நூல் நம் கையில் நூற்றது. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது டச்சுக்காரர்கள் இந்தக் கரையிலேயே ஆயிரக்கணக்கானோரை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள் என்பதையும் உங்கள் வட்டத்தில் ஒருநாள் பேசுங்கள்.

எழுதும்போது என்னை அதிகம் திணறடித்தது "அடிமை" என்ற சொல். நமக்கு அது பக்தியில் ஊறிய சொல். அடியார், அடியேன், ஆட்கொண்டான் என்று எல்லாமே இனிக்கும். சுந்தரர் கல்யாணப் பந்தலில் கிழவர் ஒருவர் ஓலையோடு வந்து, உன் பாட்டன் எழுதிக்கொடுத்தது, நீ என் அடிமை என்று வழக்கு பேசுகிறாரே, அந்த ஓலை எத்தகைய ஓலை என்று நாம் யோசிப்பதே இல்லை. ஆளை வழிவழியாக எழுதிக்கொடுக்கும் வழக்கம் இருந்த ஊரில்தான் அந்தக் கதை பிறக்க முடியும். அதனால் என் கதையில் "அடிமை" என்ற சொல்லை வணிகன் வாயில் மட்டும் வைத்தேன். கதைசொல்லி பேசும் இடமெல்லாம் "பிடித்து வரப்பட்டவர்கள்" என்றே இருக்கும். கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.

சரி, அந்தச் சிறுமி. ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. கரை சேர்ந்தது சுமார் 1 கோடியே 7 லட்சம். மிச்சம் 18 லட்சம் பேர் நடுக்கடலில். கப்பல் கணக்குப் புத்தகங்களில் ஆண், பெண், பையன், சிறுமி என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. நான் அந்தப் புத்தகத்தையே பின்பற்றிவிட்டேன். கணக்கன் விட்ட இடத்தில் கதைக்காரனும் விட்டால் எதற்குக் கதை?

உங்கள் கடிதம் வந்த பிறகு வேறொரு பதிவேட்டைப் படித்து வருகிறேன். 1807இல் பிரிட்டன் இந்த வணிகத்தைத் தடை செய்தபின், அதன் கடற்படை பிடித்த கப்பல்களிலிருந்து இறக்கப்பட்டவர்களை மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் துறைமுகத்தில் எழுத்தர்கள் ஒவ்வொருவராக நிறுத்திப் பெயர், வயது, உயரம், உடம்பில் உள்ள அடையாளம் என்று பதிந்தார்கள். ஃப்ரீடவுன், கியூபாவின் ஹவானா பதிவேடுகளில் இப்படி 90,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. காதில் விழுந்ததை அயல்மொழி எழுத்தர்கள் எழுதியது, அதனால் கண்ணால் படித்தால் பிடிபடாது. தினம் இரவு கொஞ்ச நேரம் வாய்விட்டுப் படிக்கிறேன்.

இக்போ மக்களுக்கு வாரம் நான்கு நாள்: எகே, ஒரியே, அஃபோ, ங்க்வோ. நான்கும் சந்தை நாட்கள். பிறந்த சந்தை நாளையே பிள்ளைக்குப் பெயராக வைப்பார்கள். எகே நாளில் பிறந்த பெண் ம்பெகே. நடுவில் வரும் ஒலிக்குத் தொண்டையும் உதடும் ஒன்றாகத் திறக்க வேண்டும். அதற்குத் தமிழில் எழுத்தில்லை, நான் எழுதியிருப்பது கிட்டத்தட்டத்தான். என் சிறுமிக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறேன். பெற்றவள் சந்தை நாள் என்று மகிழ்ந்து வைத்த பெயர். அவளை முதன்முதலில் விற்றதும் ஒரு சந்தையில்தான்.

கதையை இப்போது அவள் பக்கத்திலிருந்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். வணிகன் இருப்பான், பனிமூட்டமும் இருக்கும். படகு கலபார் கரையைத் தொடும்போது அவள் யாரைப் பார்க்கிறாள் என்பதில் நின்றுகொண்டிருக்கிறேன். கப்பல் விளிம்பில் சாய்ந்து மாமனைத் தேடும் அந்தப் பையனும் ஏறத்தாழ அவள் வயதுதான். முடித்ததும் அனுப்புகிறேன். உங்கள் மாணவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.