கடைச்சீட்டில் எதை அடிப்பது?

வணக்கம்.

பி.காம். முடித்த மகள் இப்போது வெப் டிசைன் படிக்கிறாள். வீட்டிலிருந்தே வேலை எடுத்துச் செய்ய ஆசை. 80,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கடைக்காரர் கேமிங் லேப்டாப், டிராயிங் டேப்லெட் என்று எழுதித் தந்த சீட்டிலேயே பணம் முடிந்துவிடுகிறது. மேசைக்குப் பழைய டைனிங் டேபிளும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான். கரண்ட் அடிக்கடி போகும், இன்வெர்ட்டர் உண்டு. எதை முதலில் வாங்கலாம்?

ந., அருப்புக்கோட்டை

அன்புள்ள ந.,

சீட்டில் முதலில் அடித்து நீக்க வேண்டியது கேமிங் லேப்டாப்பில் வரும் தனி கிராபிக்ஸ் கார்டை. பக்கத்தை வரைந்து வடிவமைக்கும் ஃபிக்மா, கோட் எழுதும் விஎஸ் கோட், இருபது டேப் திறந்த குரோம்: மகளின் வேலைநாள் பெரும்பாலும் இவ்வளவுதான். இவை மூன்றும் தின்பது ரேமை, அதாவது வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகத்தை. பிராசசரோடு சேர்ந்து வரும் கிராபிக்ஸே போதும். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்) உள்ள சாதாரண லேப்டாப் வாங்குங்கள். 8 ஜிபிதான் கிடைக்கிறது என்றால், கூடுதல் ரேம் போட ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பல மாடல்களில் ரேமை போர்டோடு பற்றவைத்து விடுகிறார்கள். பிறகு ஏற்ற வழியில்லை.

மிச்சமாகும் பணம் மானிட்டருக்குப் போகட்டும். லேப்டாப் விவரத்தில் ‘45% என்டிஎஸ்சி’ என்று திரையின் நிற அளவு போட்டிருந்தால், இணையத்தின் பொது நிற வரம்பான எஸ்ஆர்ஜிபியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் அந்தத் திரை காட்டும். சிவப்பு சோகை பிடித்துத் தெரியும். நிறம் போதவில்லை என்று மகள் ஏற்றிவைப்பாள். அதே பக்கம் நிறத்தைத் தூக்கலாகக் காட்டும் வாடிக்கையாளரின் அமோலெட் திரை போனில் கண்ணைக் குத்தும். வெள்ளைப் பின்னணியில் போட்ட வெளிர்சாம்பல் பெட்டி அவள் திரையில் தெரியாமலும் போகலாம். 24 அங்குல ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை), 1920×1080, எஸ்ஆர்ஜிபி 99%: இப்படி ஒன்று போதும். அதே 1920×1080-ஐ 27 அங்குலத்தில் வாங்காதீர்கள். அங்குலத்துக்கு 92 புள்ளி என்பது 82 ஆகக் குறைந்து எழுத்து சொரசொரப்பாகும். வாங்கியதும் ‘விவிட்’ மோடை அணைத்து எஸ்ஆர்ஜிபி மோடில் வையுங்கள். திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் எரியும்போது நிறம் தேர்ந்தெடுக்கக் கூடாது. ராத்திரி பார்த்த நீலம் காலையில் வேறு நீலமாக இருக்கும்.

ஜன்னல் மேசைக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுப்பக்கம் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும், எதிரே இருந்தால் கண் கூசும்.

டைனிங் டேபிள் சுமார் 75 செ.மீ. உயரம் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து அதில் டைப் செய்தால் தோள் தூக்கிக்கொள்ளும். பிடரிவலி அங்கிருந்துதான் தொடங்குகிறது. உயரம் மாற்றக்கூடிய நாற்காலி வாங்கி, முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை ஏற்றுங்கள். கால் தரையில் படியாவிட்டால் ஒரு மணைப்பலகை போதும். ஆசாரியைக் கூப்பிட்டு மேசைக்காலில் நாலைந்து செ.மீ. அறுத்துவிடுவதும் நல்ல வழிதான், வீட்டில் சம்மதித்தால்! நாற்காலியின் கைப்பிடி மேசை விளிம்பில் இடிக்குமா என்று அளந்து வாங்குங்கள். இடித்தால் கிட்டே இழுத்து உட்கார முடியாது. மானிட்டரின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், கைநீட்டும் தூரத்தில். தனி கீபோர்டும் மவுஸும் கட்டாயம்.

டிராயிங் டேப்லெட் ஓவியம் வரைபவர்களுக்கு. அந்தப் பணத்தில் 3 அல்லது 4 ஜிபி ரேம் உள்ள மலிவான ஆண்ட்ராய்டு போன் வாங்குங்கள், செகண்ட் ஹாண்டே போதும். குரோமில் திரையைப் போன் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பதில் அகலம்தான் தெரியும். பக்கம் திறக்கத் திணறுவதும், விரலுக்கு எட்டாத பட்டனும் கையில் போன் இருந்தால்தான் தெரியும். போன் செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழுமுறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங்கைத் திறந்தால் போனில் ஓடும் பக்கத்தை லேப்டாப்பிலிருந்தே சோதிக்கலாம். தமிழ்த் தளம் செய்வாள் என்றால் இது இன்னும் முக்கியம். ஆங்கிலத்துக்கு வைத்த 1.2 வரி உயரத்தில் (எழுத்தளவைப் போல் 1.2 மடங்கு) மேல்வரியின் ‘கூ’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும்; 1.6 கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘பதிவிறக்குங்கள்’ போன்ற நீளச்சொல் பட்டனை விட்டு வெளியே வழிவதும் சிறிய திரையில்தான் பிடிபடும்.

கரண்ட் போனால் லேப்டாப் தன் பேட்டரியில் ஓடும். இன்வெர்ட்டரில் ‘யூபிஎஸ்’ மோடு இருந்தால் அதில் வையுங்கள். மற்ற மோடில் மின்சாரம் மாறும் இடைவெளியில் மானிட்டரும் ரூட்டரும் அணைந்து எழலாம். வாடிக்கையாளரோடு வீடியோ காலில் பேசும்போது அதுதான் காலை வாரும். ரூட்டருக்கென்றே பேட்டரியோடு சின்ன டிசி யூபிஎஸ் கிடைக்கிறது. ரூட்டரின் அடாப்டரில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று போட்டிருந்தால், அதே வோல்ட்டும் அதற்குக் குறையாத ஆம்பியரும் தருவதாகப் பாருங்கள். 1 ஆம்பியர் தரும் யூபிஎஸ்ஸில் ரூட்டர் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகலாம். பழி நெட் கம்பெனிமேல் விழும்.