ஓய்வுக்குப் பின் எழுத வந்தவருக்கு எப்படிப்பட்ட குழு வேண்டும்?

கேள்வி: கணக்குத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றேன். இப்போது சிறுகதைகள் எழுதிவருகிறேன். வீட்டில் காட்டினால் "நன்றாக இருக்கிறது" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினால் கைதட்டும் படங்கள் வருகின்றன. ஓர் எழுத்தாளர் கூட்டத்தில் வாசித்தபோது, "இது கதையே இல்லை" என்று ஒருவர் சொல்லிவிட்டார். அதன்பின் பல மாதங்களாக ஒரு வரிகூட எழுதவில்லை. ஊக்கமும் கொடுத்து, உண்மையையும் சொல்லும் குழுவை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வீட்டாரின் பாராட்டு, குழுவின் கைதட்டல், அந்த ஒருவரின் நிராகரிப்பு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று நேரெதிராகத் தெரிந்தாலும், மூன்றிலும் குறை ஒன்றுதான். கதையைப் படிக்கும்போது தமக்குள் என்ன நிகழ்ந்தது என்பதை அவர்களில் எவரும் உங்களுக்குச் சொல்லவில்லை. மூன்றுமே தீர்ப்புகள்; தீர்ப்பை வைத்துக்கொண்டு ஒரு பத்தியைக்கூடத் திருத்த முடியாது. "தங்கை உள்ளே வந்ததும் என் கவனம் முழுவதும் அவள் பக்கம் போய்விட்டது, அண்ணன் எதற்காகப் பணம் கேட்கிறான் என்பது எனக்குப் பிடிபடவில்லை, கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன்" என்று ஒருவர் சொன்னால், அதில் பாராட்டும் இல்லை, கண்டனமும் இல்லை, ஆனால் அன்று மாலையே எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். இவ்வாறு பேசத் தெரிந்த நான்கு பேர் கிடைத்தால் போதும். அவர்கள் எழுத்தாளர்களாகவே இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இதற்கென்றே வகுக்கப்பட்ட முறைகள் உண்டு. ஆசிரியர் இல்லாமல் எழுதுபவர்களே கூடி ஒருவருக்கொருவர் உதவும் வகுப்பை 1973இல் விரிவாக முன்வைத்த அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ, மனத்தில் தங்கிய சொற்களைச் சுட்டுவது, படித்ததைச் சுருக்கிச் சொல்வது, படிக்கையில் மனம் சென்ற வழியைச் சொல்வது போன்றவற்றையே வாசகரின் வேலையாகக் கருதினார். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990 வாக்கில் உருவாக்கிய முறை, உங்கள் நிலையில் இருப்பவருக்கு இன்னும் பொருத்தமானது என்பது என் கருத்து. அதில் முதலில், படைப்பில் தம்மைத் தொட்டது எது என்று மற்றவர்கள் சொல்வார்கள், அடுத்து, படைத்தவர் தம் ஐயங்களைக் கேட்பார், பிறகு மற்றவர்கள் உட்கருத்து எதையும் ஏற்றாத கேள்விகளைக் கேட்பார்கள், இறுதியில்தான், "இதைப் பற்றி எனக்கொரு கருத்து இருக்கிறது, சொல்லலாமா?" என்று அனுமதி பெற்றுக் கருத்தைச் சொல்வார்கள். அந்த அனுமதியை மறுக்கும் உரிமை படைத்தவருக்கு உண்டு. வேறொரு வழக்கத்தில், எழுதியவர் வாய் திறக்காமல் அமர்ந்திருக்க, மற்றவர்கள் வரிசையாகத் தங்கள் விமர்சனத்தைச் சொல்லி முடிப்பார்கள். அமெரிக்காவின் மில்ஃபோர்டில் 1956இல் தொடங்கிய அறிவியல் புனைகதைப் பட்டறையின் பெயராலேயே அது அறியப்படுகிறது. ஆனால் அங்கே கூடியவர்கள் ஏற்கெனவே நூல்கள் வெளியிட்டவர்கள். புதிதாக எழுத வந்தவர் முதல் குழுவிலேயே அதற்கு உட்பட வேண்டியதில்லை.

குழுவைத் தேடும்போது நூலக வாசகர் வட்டங்களிலிருந்து தொடங்குங்கள். 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் தொடங்கிய மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம் என்னும் இயக்கம் இன்று பல நாடுகளில் ஓய்வு பெற்றவர்களுக்காக இயங்குகிறது. அதன் கிளைகள் பலவற்றில், பட்டமோ தேர்வோ இல்லாமல், உறுப்பினர்களே எழுத்துக் குழுக்களை நடத்துகிறார்கள். காணொளி வழியாகக் கூடும் குழுக்களும் இருக்கின்றன. எந்தக் குழுவானாலும் முதல் முறை கதை எதுவும் கொண்டுபோகாமல் கேட்பவராக மட்டும் சென்று, மூன்றைக் கவனியுங்கள்: ஒருவரே நெடுநேரம் பேசுகிறாரா, சொல்லப்படும் கருத்துகள் கதையைப் பற்றியவையா எழுதியவரைப் பற்றியவையா, கதை வாசித்தவர் கூட்டம் முடிந்து எழும்போது திருத்தி எழுதும் ஆவலோடு எழுகிறாரா. மூன்றாவதுதான் முக்கியம்.

பொருத்தமான குழு கிடைக்காவிட்டால் நீங்களே தொடங்கிவிடலாம். நான்கு முதல் ஆறு பேர், ஒரு கூட்டத்துக்கு இரண்டு கதைகள், ஒவ்வொன்றும் 1,500 சொற்களுக்கு மிகாமல், ஒரு வாரம் முன்பே அனைவர் கையிலும் பெரிய எழுத்தில் என்று வரையறுத்துக்கொண்டால், ஒரு கதைக்கு அரை மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். யார் எவ்வளவு நேரம் பேசுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் நல்ல மனம் படைத்தவர்களும் இந்த இடத்தில்தான் எல்லை மீறுகிறார்கள்.

முதல் வரைவைக் குழுவுக்குக் கொண்டுபோக வேண்டாம். இரண்டு வாரமாவது ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு உரக்கப் படித்துப் பாருங்கள். நாக்கு இடறும் இடங்களை அப்போது நீங்களே கண்டுகொள்வீர்கள். அலுவலகத்தில் ஆண்டுக்கணக்காகக் குறிப்புகளும் அறிக்கைகளும் எழுதியவர்களுக்கு முடிவை முதலில் சொல்லிவிடும் பழக்கம் படிந்திருக்கும். கோப்புக்கு அது சிறப்பு. கதைக்கு அதுவே தடையாகிவிடும். "அவர் மிகுந்த மனவேதனையில் இருந்தார்" என்று எழுதினால் வாசகருக்குச் செய்வதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. "வந்த கடிதத்தைப் பிரிக்காமலே மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தார், மாலையில் கண்ணாடியை எடுக்கும்போதும் அதைப் பிரிக்கவில்லை" என்று எழுதினால் அந்த வேதனையை வாசகரே கண்டுபிடிப்பார். "கதையே இல்லை" என்று சொன்னவர்கூட, இப்படிப்பட்ட ஓர் இடத்தைக் காணாமல் அதை அவசரமாகச் சொல்லியிருக்கலாம்.

குழுவிடம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்பதைத் தவிருங்கள். "அப்பாவின் மேல் உங்களுக்கு எந்த இடத்தில் கோபம் வந்தது?", "எந்தப் பக்கத்தில் கவனம் சிதறியது?" என்று குறிப்பாகக் கேட்டால், தயங்குபவர்களும் பயனுள்ள பதிலைத் தருவார்கள். ஒருவர் மட்டும் சொன்ன குறையைக் குறித்துவைத்துக்கொண்டால் போதும். மூவர் ஒரே இடத்தைச் சுட்டினால் அந்த இடத்தில் சிக்கல் இருக்கிறது என்று கொள்ளலாம், ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் தீர்வை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வயதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆங்கில நாவலாசிரியர் பெனலபி ஃபிட்ஸ்ஜெரால்டு முதல் நூலை வெளியிட்டபோது அவருக்கு 58 வயது. 1979இல் புக்கர் பரிசு பெற்றார். பள்ளி ஆசிரியராக ஓய்வு பெற்ற ஃபிராங்க் மெக்கோர்ட்டின் முதல் நூல் அவருடைய 66ஆம் வயதில் வெளிவந்தது.

இறுதியாக இரண்டு எச்சரிக்கைகள். பொதுவெளியில் பதிவிட்ட கதையை ஏற்கெனவே வெளியானதாகவே பல இதழ்கள் கருதுகின்றன. ஆகவே, இதழுக்கு அனுப்ப எண்ணியுள்ள கதையை மூடிய குழுவில் மட்டும் பகிருங்கள். ஓய்வு பெற்றவர்களின் கையில் சேமிப்பு இருப்பதை அறிந்து, அளவுகடந்து புகழ்ந்து, நூலாக்கித் தருவதாகப் பெருந்தொகை கேட்பவர்கள் குழுக்களுக்குள்ளும் வருவதுண்டு. எத்தனை பிரதிகள், விற்பனையை யார் பார்ப்பது, உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் தராத எவருக்கும் பணம் கொடுக்காதீர்கள். அவர் உங்கள் கதையை எவ்வளவு உருகிப் பாராட்டியிருந்தாலும் சரி.