கால்கட்டு

அண்ணா, வணக்கம். இருமுனைக் கோளாறோடு (பைபோலார் – மனம் சில காலம் அளவுமீறி உற்சாகத்தில் ஏறும், சில காலம் சோர்வில் இறங்கும் நோய்) வாழ்வது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் தம்பிக்கும் அதுதான். வயது 28. மூன்று வருடமாக அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான், ஒழுங்காக வேலைக்குப் போகிறான். இப்போது பெண் பார்க்கிறோம். "ஒரு கால்கட்டுப் போட்டா எல்லாம் சரியாப் போயிடும், வெளியே மூச்சு விடாதீங்க" என்கிறார் மாமா. கல்யாணம் முடியும்வரை மாத்திரையை நிறுத்தினால் என்ன என்று அம்மா கேட்கிறார். சொன்னால் யார் பெண் கொடுப்பார்கள்? "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று ஊரே முடிவு கட்டிவிடும்.

– பெயர் வேண்டாம், திருப்பூர்

அன்புள்ள தம்பி,

முதலில் அம்மாவின் கேள்வி. நிறுத்தவே கூடாது. லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்ப வாய்ப்பு அதிகம். அதுவும் கல்யாண வீட்டில்! எங்கள் நோய்க்குத் தூக்கம் கெடுவது ஆகவே ஆகாது. ராத்திரி ரிசப்ஷன், விடிகாலை நாலரைக்கு முகூர்த்தம் என்றால் மாப்பிள்ளை எப்போது தூங்குவது? என் கல்யாணத்தில் முகூர்த்தத்தைப் பத்தரைக்குத் தள்ளி வைத்தோம். பெரியப்பா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அப்புறம், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேர்த்து விறுவிறுத்து நின்றால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். பக்கத்திலேயே ஒரு சொம்பு மோர் இருக்கட்டும்.

மாமாவின் கால்கட்டு வைத்தியத்தை எனக்கும் சொன்னார்கள். அந்த வைத்தியத்தில் மருந்து அந்தப் பெண்தான். அவளுக்கே தெரியாமல் அவளை மருந்தாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. சட்டமும் பொறுக்காது. முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கினால், இந்து திருமணச் சட்டம் 12ஆவது பிரிவின்படி அந்தத் திருமணத்தையே ரத்து செய்யச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகலாம்.

தரகரிடம் சொல்லத் தேவையில்லை. இருவருக்கும் பிடித்துப்போன பிறகு, நிச்சயத்துக்கு முன்னால், பெண்ணிடம் நேராகச் சொன்னால் போதும். நான் முதலில் சொன்ன வீட்டில் மறுநாளே ஜாதகப் பொருத்தம் கெட்டுவிட்டது. இரண்டாவது முறை ஒரு பேக்கரியில், ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு சொன்னேன். "வரப்போகுதுன்னு முன்கூட்டியே தெரியுமா?" என்று கேட்டாள். தூக்கம் மூன்று மணி நேரமாகக் குறையும், பை பையாகப் புத்தகம் வாங்கிக் குவிப்பேன் என்றேன். "அப்போ யாருக்கு போன் பண்ணணும்?" டாக்டர் நம்பரைக் குறித்துக்கொண்டாள். இன்றும் நான் மூன்றாவது புத்தகப் பையோடு படியேறினால் அவள் கை போனுக்குப் போகும். எரிச்சலாகத்தான் இருக்கும்.

கீழ்ப்பாக்கத்துக்கு வருவோம். அது 1794இல் தொடங்கிய மனநல ஆஸ்பத்திரி. அதன் பெயரைக் கேலிக்கு இழுத்ததில் நம் சினிமா காமெடிக்குப் பெரிய பங்கு உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தைக் கேட்டால், ஒருவருக்கு மனநோய் இருப்பதாலேயே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும் என்கிறது. மாமாவுக்கு அந்த அதிகாரம் கிடையாது.

கடிதத்தை மறுபடியும் படித்துப் பார்த்தேன். மாமா பேசுகிறார், அம்மா பேசுகிறார், ஊர்கூடப் பேசுகிறது. உங்கள் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கு இப்போது கல்யாணம் வேண்டுமா? கேட்டுவிட்டு எழுதுங்கள். அவனே எழுதினாலும் சரி.