கீழ் வீட்டுக்காரன் கேட்ட பாட்டு

கேள்வி: உங்களுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு எது? வாழ்க்கை திடீரென்று தலைகீழாகப் புரண்ட நேரத்தில் அந்தப் பாட்டு உங்களைத் தூக்கி நிறுத்தியதுண்டா?
(வாசகி ஒருவர், ஸ்ரீரங்கம்)

பதில்: முதல் கேள்விக்குப் பதில் சுலபம். 'மயக்கமா கலக்கமா'. 1962-இல் வந்த 'சுமைதாங்கி' படத்துக்குக் கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடியது. இரண்டாவது கேள்விக்கு, இல்லை. என்னைத் தூக்கி நிறுத்தியவர் மேல் வீட்டுக்காரர். மாடிப்படியில், கையைப் பிடித்து.

ஸ்ரீரங்கத்திலிருந்து எழுதுகிறீர்கள், அடுத்து வாலி கதைக்குத்தான் வருவீர்கள். சினிமா வாய்ப்புத் தேடிச் சலித்து, சென்னையே வேண்டாம் என்று மூட்டை கட்டினார் உங்கள் ஊர்க்காரர். அந்த நேரம் பார்த்து ஸ்ரீனிவாஸ் தான் புதிதாகப் பாடியிருந்த இந்தப் பாட்டைப் பாடிக் காட்ட, மூட்டையை அவிழ்த்துவிட்டார். வாலியே பல இடங்களில் சொன்னதுதான், மறுக்க நான் யார்? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் அதை ரேடியோவில் கேட்கவில்லை. பாடியவரே எதிரில் இருந்து பாடினார். அந்தக் குரலை அவ்வளவு பக்கத்தில் கேட்டால் நானும்தான் மூட்டையை அவிழ்ப்பேன்.

என் கதை 2015 டிசம்பர் 1. ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றுக்கு இரண்டு தெரு தள்ளி, கீழ் வீட்டில் குடியிருந்தோம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை என்பதெல்லாம் பிறகு பேப்பரில் படித்தது. அன்று ராத்திரி எனக்குத் தெரிந்ததெல்லாம், குளியலறை ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது என்பதுதான். வெளியே போகிற வழியில் உள்ளே வருகிறதே என்று பழந்துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டிருந்தேன், அறிவாளி. முக்கால் மணி நேரத்தில் முழங்கால் அளவு. கரண்ட் போய்விட்டது. மனைவி ரேஷன் கார்டையும் மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். நான் கட்டிலடியிலிருந்து கேசட் பெட்டியை இழுக்கக் குனிந்தேன். "இப்ப அது ஒரு கேடா?" என்றாள். நியாயமான கேள்வி.

மூன்று நாள் மேல் வீட்டு ஹாலில், மேல் வீட்டுக்காரர் லுங்கியில். போனில் சார்ஜ் இல்லை, இருந்தவர்களுக்கு சிக்னல் இல்லை. பாட்டு கேட்க வழியில்லை. ஆனால் இந்தப் பாட்டுக்குக் கருவி எதற்கு? அது பாட்டுக்கு மண்டைக்குள் ஓடியது. சரி, ஆறுதல் வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

இரண்டாம் நாள் காலை. அடுப்படியில் அந்த வீட்டுப் பெரியம்மா மருமகளிடம் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது: "நம்ம பரவால்ல. பாவம், கீழ இருந்தவங்க." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அடுத்த நிமிடம் பாலில்லாத டீ முதல் டம்ளர் எனக்குத்தான் வந்தது. ஆனால் டம்ளரை வாங்கும்போது உறைத்தது, நாற்பது வருஷமாக நான் உருகிக் கேட்ட பாட்டு சொல்வதும் இதைத்தானே! நமக்கும் கீழே எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களை நினைத்துப் பார்த்து நிம்மதி அடை என்கிறது. அதுவரை நான் நினைத்துப் பார்க்கிற பக்கத்தில் இருந்தேன். அன்றைக்கு, அடுத்தவர் நிம்மதிக்காக நினைத்துப் பார்க்கப்படுகிற கும்பலில் ஒருவனாகியிருந்தேன். அதுவும் உவமையில் இல்லை, நிஜமாகவே கீழ் வீடு.

பாட்டு மேல் குற்றம் சொல்லவில்லை. கண்ணதாசனிடம் எப்போதும் உள்ள வில்லங்கம் இது. நமக்கென்றே எழுதியதுபோல் இருக்கும், நம் இடம் மாறினால் அதே வரி நம்மையே குத்தும். 'பாலும் பழமும்' படத்தில் 'போனால் போகட்டும் போடா' என்று டி.எம்.எஸ். பாடினால் தத்துவம். கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் போன வீட்டைப் பார்க்க வந்த சொந்தக்காரர் அதையே சொன்னால் அடிக்கத் தோன்றுகிறது. (அடிக்கவில்லை. போர்வை கொண்டு வந்திருந்தார்.)

கேசட் விஷயத்துக்கு வருகிறேன். நூற்றிச் சொச்சம் கேசட். எண்பதுகளில் ஒரு தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு நாலு நாள் கழித்துப் போவோம். அறுபது நிமிட கேசட்டில் பக்கத்துக்கு ஏழெட்டுப் பாட்டு. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் கடைக்காரரோடு சண்டை. அப்படி நானே கோத்த வரிசைகள் அவை. தண்ணீர் வடிந்ததும் பெட்டியைத் திறந்தால் உள்ளே அடையாற்றுச் சேறு. அட்டையில் எழுதியிருந்த மை கரைந்து, எல்லாம் ஒரே நீலம். ஃபேனுக்குக் கீழே ஒரு வாரம் உலர்த்தி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். டேப் ரெக்கார்டரும் சேர்ந்து செத்தது.

பாட்டெல்லாம் யூடியூபில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, வரிசைதான் இல்லை. 'மயக்கமா கலக்கமா' முடிந்து இரண்டு விநாடி 'உஸ்' என்ற சத்தம், அப்புறம் 'போனால் போகட்டும் போடா' என்று என் காதுக்குப் பழக்கம். இன்றும் முதல் பாட்டு முடிந்ததும் அந்த இரண்டு விநாடி மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். போன வாரம் அந்த இடத்தில் விளம்பரம் ஒன்று வந்தது. ஏரியைப் பார்த்த மாதிரி அடுக்குமாடிக் குடியிருப்பாம், தரைத்தளத்தில் சில வீடுகளே பாக்கியாம்.