பின் ஹவுசிங் சத்தம்: பழைய பிக்கப் வண்டிக்காரங்க கேட்டதும் நான் சொன்னதும்

பின் ஆக்சில் நடுவுல இருக்கிற உருண்டைப் பெட்டிதான் ஹவுசிங். அதுக்குள்ள இருக்கிற பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுத்த வைக்கிற சின்னது பினியன். இந்தக் கிரவுன் செட்டிங் வேலையிலேயே பல வருஷம் போயிடுச்சு. தெரிஞ்சதை சொல்றேன். ஒண்ணு மட்டும் முதல்லயே: ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில போகாதீங்க. ஸ்டாண்டு வைங்க.

ஒட்டன்சத்திரம்: அண்ணே, 2011 மாடல், காய்கறி லோடு. 50-க்கு மேல ஊளைச் சத்தம். ஆக்சிலேட்டரை விட்டா நின்னுடுது. கிரவுன் பினியன் மாத்தணும்ங்கறாங்க.

தம்பி, உடனே ஹவுசிங்கைத் திறக்க விடாதீங்க. முதல்ல அதே 50-ல மூணாவது கியர்லயும் நாலாவதுலயும் ஓட்டுங்க. ரெண்டுலயும் ஒரே சத்தம்னா இன்ஜின் காரணமில்ல. அடுத்து தார் ரோடு, சிமெண்ட் ரோடு ரெண்டுலயும் கேளுங்க. ரோடுக்கு ரோடு சத்தம் மாறினா டயர். மாறாம, மிதிக்கும்போது மட்டும் வந்தா பினியன் பக்கம்தான் பார்க்கணும். அங்கயும் பல்லா பேரிங்கானு ரெண்டு இருக்கு.

ஃபில்லர் பிளக்கை (ஆயில் ஊத்துற ஓட்டையோட மூடி) கழட்டி விரலை விடுங்க. ஓட்டை விளிம்பு வரைக்கும் ஆயில் தட்டணும். ஆயில் வடிக்கிற டிரெயின் பிளக்குல சாம்பல் நிறத்துல மை மாதிரி ஒட்டியிருந்தா அது சாதாரணத் தேய்மானம். மீன் செதில் மாதிரி துகள் வந்தா பேரிங்கோ பல்லோ உரியுதுன்னு அர்த்தம். அப்புறம் கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற ஷாப்டைக் கழட்டி, அது மாட்டியிருந்த பினியன் ஃபிளாஞ்சைப் பிடிச்சு மேலயும் கீழயும் அசைங்க. சுத்துற பக்கம் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம். மேல கீழ துளியும் ஆடக் கூடாது.

ஹவுசிங் மேல இருக்கிற பிரீதரை (உள்ளே இருக்கிற காத்து வெளிய போற வழி) யாரும் பார்க்கறதே இல்ல. சேறு அடைச்சுட்டா உள்ளே சூட்டுல காத்து அழுத்தி, சீல் வழியா ஆயிலைத் தள்ளிடும். சமீபத்துல ஒரு வண்டியில கம்பியால குத்தினதும் புஸ்ஸுனு காத்து வந்துச்சு. ஃபில்லர்ல விட்ட விரல் காய்ஞ்சே வெளிய வந்துச்சு.

கோத்தகிரி: இறக்கத்துல கியர்ல இறங்கும்போது மட்டும் உறுமுது. பினியன் நட்டை இறுக்கினா போதுமா?

இறுக்காதீங்க. பினியன் பேரிங் தளர்ந்திருக்கும், சந்தேகம் சரிதான். ஆனா பல ஆக்சில்கள்ல உள்ளே நசுங்குற ஸ்லீவ் (சின்ன உலோகக் குழாய்) ஒண்ணு இருக்கு. கண்ணை மூடி இறுக்கினா அது கூடுதலா நசுங்கி பேரிங் கருகிடும். நட்டைத் திரும்பத் தளர்த்தினாலும் ஸ்லீவ் பழைய நிலைக்கு வராது, புதுசுதான் போடணும்.

திண்டிவனம்: ஷாப்ட் கிராஸ் (முனையில மடங்குற ஜாயின்ட்) மாத்தினதுல இருந்து, லோடோட வண்டியை எடுக்கும்போது கடகடனு ஆடுது.

ஷாப்டைக் கழட்டும்போது மார்க் போட்டீங்களா? ஷாப்ட் நீள குறையறதுக்கு இருக்கிற ஸ்லைடிங் ஜாயின்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டினாலும் ரெண்டு முனையோட யோக்கும் (கிராஸைப் பிடிக்கிற கவை) ஒரே நேர்ல இருக்காது, ஆட்டம் வரும். அது சரியா இருந்தா, ஷாப்டை நடுவுல தாங்குற சென்டர் பேரிங் ரப்பரைப் பாருங்க.

விழுப்புரம்: 60-ல அதிர்வு. கிரவுனா?

கிரவுன் பெரும்பாலும் ஊளையிடும், வண்டியை உலுக்காது. 215/75 ஆர் 15 டயர் 60 கிலோமீட்டர் வேகத்துல நொடிக்கு ஏழரைச் சுத்து சுத்தும். ஹவுசிங் ரேஷியோ நாலுன்னா, அதாவது வீல் ஒரு சுத்துக்கு ஷாப்ட் நாலு சுத்துன்னா, ஷாப்ட் நொடிக்கு 30 சுத்து. சீட்டு மெதுவா குலுங்கினா வீல், டயர். பொடி அதிர்வா கால்ல உறைச்சா ஷாப்ட்.

கடலூர்: எனக்கும் 60-ல அதிர்வு, கிரவுன் மாத்தவா?

மேல இருக்கிற பதிலைப் படிங்க.

தாம்பரம்: புதுப்பேட்டையில பழைய பினியன் மட்டும் கிடைக்குது. போடலாமா?

கூடாது. கிரவுனும் பினியனும் ஃபேக்டரியில ஒண்ணோட ஒண்ணு உரசி ஜோடி சேர்த்தவை. ரெண்டுலயும் ஒரே ஜோடி நம்பர் போட்டிருப்பாங்க.

சேலம், மெக்கானிக்: நான் பினியன் மட்டும் எத்தனையோ வண்டிக்கு மாத்தியிருக்கேன். ஓடிட்டுதான் இருக்கு.

ஓடும் ஐயா, மறுக்கல. ஆனா புதுசா மாட்டின பினியன் பல், கிரவுனோட பழைய பல் தேய்மானத்துல முழுசா உட்காராது. நீல மை தடவி சுத்திப் பாருங்க, தடம் பல்லோட ஓரத்துல விழும். முழு லோடையும் அந்த ஓரம்தான் தாங்குது.

சேலம்: ஷிம் (மெல்லிய தகடு) வச்சு தடத்தை நடுவுக்குக் கொண்டு வரலாமே?

ஷிம் பினியனோட ஆழத்தைத்தான் மாத்தும். தேய்ஞ்ச பல்லோட வடிவத்தை அது மாத்தாது. இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், புது செட் வாங்கப் பணமில்லாதவர்தான் ரெண்டாவது தடவையும் செலவு பண்ணப்போறார்.

சேலம்: அப்போ ஏழை வண்டிக்காரர் என்னதான் பண்ணுவார்?

நியாயமான கேள்வி. பிரிக்காத பழைய அசெம்பிளியை அப்படியே வாங்கலாம். பல்லை எண்ணுங்க. கிரவுன்ல 41, பினியன்ல 10 இருந்தா ரேஷியோ 4.1. தன் வண்டியோட ரேஷியோவுக்கு ஒத்துப்போகணும்.

சேலம்: அது சரி, ஒத்துக்கறேன்.

ஆரணி: 140 ஆயில் (கெட்டியான கியர் ஆயில்) ஊத்தினா சத்தம் போகுமா?

சத்தம் அமுங்கும், தேய்மானம் நிக்காது. வண்டி புக்குல போட்டிருக்கிற கிரேடையே, ஜிஎல்-5ங்கற கியர் ஆயில் தரத்துல ஊத்துங்க.

மதுரை: இடது பக்கம் திருப்பினா மட்டும் உறுமல்.

வலது வீல் பேரிங்கைப் பாருங்க.

திருப்பூர்: ஏசி கூலிங் இல்ல.

அது என் வேலை இல்ல, ஏசி மெக்கானிக்கைப் பாருங்க.

ஒட்டன்சத்திரம்: அண்ணே, பிரீதர் அடைச்சிருந்துச்சு. விரல்ல ஆயில் படவே இல்ல. செதில் எதுவும் வரல.

பினியன் சீலை மாத்தி, பிரீதரை சுத்தம் பண்ணி, ஆயிலை விளிம்பு வரை ஊத்துங்க. 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு ஹவுசிங் மூக்குல, அதாவது பினியன் இருக்கிற முன்பக்கத்துல, கையை வச்சுப் பாருங்க. கை வைக்க முடியாத சூடும் ஊளையும் அப்படியே இருந்தா பேரிங்ல இருந்து ஆரம்பிப்போம். அடியில போகும்போது ஸ்டாண்டு வச்சீங்கதானே?